பாறையடியில் நாலு கேன் தண்ணீர்

விடுதிக்கு வரும் விருந்தாளிகளில் பாதிப் பேர் எர்லிந்தா அரியாகாவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இங்கே உங்களுக்கு ரொம்பப் பிடித்த மலைப்பாதை எது?" எர்லிந்தா உடனே பதில் சொல்ல மாட்டாள். மேசைக்கு மேலாக எட்டி அவர்களுடைய காலணியைப் பார்ப்பாள். பெட்டியிலிருந்து அன்றுதான் எடுத்த வெள்ளைக் காலணி என்றால் இரண்டாம் எண் பாதை. அங்கே பனைமரங்கள் உண்டு, நிழல் உண்டு, கால் மைலுக்கு ஒரு பெஞ்சு உண்டு. குதிகால் தேய்ந்த பூட்ஸ் என்றால் ஏழாம் எண். கணவன் பூட்ஸும் மனைவி செருப்பும் போட்டிருந்தால் மூன்றாம் எண். அதில் பாதி வழியில் ஒருவர் உட்கார்ந்துகொள்ளலாம், மற்றவர் மேலே போய்விட்டு வரலாம், சண்டை வராது.

"அதெல்லாம் சரி, உங்களுக்குப் பிடிச்சது?" என்று விடாமல் கேட்பவர்களுக்கு, "நாலாம் எண்" என்பாள். அது பொய்.

மேசையில் ஒரு மடிப்புத்தாள் அடுக்கி வைத்திருக்கும். 'எர்லிந்தாவுக்குப் பிடித்த ஒன்பது பாதைகள்' என்று அதற்குத் தலைப்பு வைத்தது விடுதி நிர்வாகம். கோடுகளை வரைந்தது அவள். எந்த இடத்தில் தண்ணீர் தீரும், எந்த வளைவில் பத்து மணிக்கு மேல் நிழல் இருக்காது, எங்கே நாயைக் கூட்டிப் போகக் கூடாது என்பதெல்லாம் அவள் கையெழுத்திலேயே அச்சாகியிருந்தது. பத்தாவதாக ஒரு பாதை இருந்தது. அதை அவள் வரையவில்லை.

அந்தப் பாதை அவளுக்குக் கிடைத்தது பேருந்தால். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் பாலைவனப் பள்ளத்தாக்கின் தென்கோடியில் தெர்மல் என்ற ஊரில். அப்பா பேரீச்சை மரம் ஏறுபவர். இருபத்திரண்டு வயதில் எர்லிந்தா விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்தாள். தெற்கிலிருந்து வரும் முதல் பேருந்து அவளை ஐந்து பத்துக்கு விடுதி வாசலில் இறக்கிவிடும். வேலை ஏழு மணிக்கு. அடுத்த பேருந்தில் வந்தால் ஏழரை ஆகிவிடும். நடுவில் கிடந்த கிட்டத்தட்ட இரண்டு மணி நேரத்தை என்ன செய்வது? மற்ற பெண்கள் சலவை அறையில் தலையைச் சாய்த்துத் தூங்கினார்கள். எர்லிந்தாவுக்கு உட்கார்ந்தால் பொறுக்காது. குப்பைத் தொட்டிகள் இருந்த பின்கேட்டைத் திறந்து வெளியே போனாள். கேட்டுக்கு அப்பால் ஒரு வறண்ட ஓடை. ஓடையின் மணலில் நடந்து போனால் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆடுகள் ஏறும் தடம் ஒன்று இருந்தது. காட்டு ஆடுகள், வளைந்த கொம்புள்ளவை. முதல் வாரம் முதல் வளைவு வரை போனாள். இரண்டாம் மாதம் பள்ளத்தாக்கு முழுதும் தெரியும் மேடு வரை.

பதினோரு வருடம் அறைகளைச் சுத்தம் செய்தாள். அப்போது முன்கூடத்து மேசையில் இருந்த இளைஞன் எண்பது வயதுத் தம்பதியை ஒரு செங்குத்துப் பாதைக்கு அனுப்பிவைத்தான். அவர்கள் தீயணைப்பு வண்டியில் திரும்பி வந்தார்கள். மேலாளர் ஊழியர்களைக் கூட்டி, "இந்தப் பாதைகளில் உண்மையிலேயே நடந்தவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார். கையில் துடைப்பத்தோடு நின்ற ஒருத்திதான் கையைத் தூக்கினாள். இப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த மேசைக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது.

ஓடைப் பாதையை மட்டும் அவள் விடவில்லை. விடுமுறை நாளான செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு பெரிய துணிப்பையோடு ஏறினாள். குப்பை பொறுக்குவதற்கு. அந்தத் தடம் இரண்டு மணி நேர ஏற்றத்துக்குப் பிறகு, ஒரு சாய்ந்த பாறையடியில், நகரத்து நூலகத்தின் பின்புறமிருந்து ஏறிவரும் நெடும்பாதையோடு சேரும். நெடும்பாதை அங்கிருந்து இன்னும் மேலே, பைன் மரக்காடு வரை போகிறது. உச்சியிலிருந்து கம்பிவடத்தில் தொங்கி ஓடும் வண்டியில் கீழே இறங்கலாம். அதில் ஏறுபவர்கள் குறைவு. ஆனாலும் அவர்களிடமிருந்து ஏதாவது வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். மிட்டாய்க் காகிதம், ஒற்றைக் கையுறை, நாயின் கழிவைப் பொறுப்பாகப் பையில் கட்டி, பொறுப்பில்லாமல் பாதையோரத்தில் வைத்துவிட்டுப் போன நீல முடிச்சுகள். ஒருமுறை பல்செட்டு கிடைத்தது. எல்லாவற்றையும் எர்லிந்தா சுமந்து இறக்கினாள். ஒருவரும் அவளை அந்த வேலைக்கு வைக்கவில்லை. தன் வீட்டு முற்றத்தைப் பெருக்குவது போல அவள் அதைச் செய்தாள். முற்றம் தன்னுடையது என்ற நினைப்பும் கூடவே வளர்ந்துவிட்டிருந்தது.

மே இருபத்துநான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, சாய்ந்த பாறையின் அடியில் கற்களை அடுக்கி மறைத்த ஒரு பொந்தைக் கண்டாள். கற்களை விலக்கினாள். உள்ளே ஒரு காலன் பிடிக்கும் பிளாஸ்டிக் கேன்கள் நாலு. மேலெல்லாம் மண். ஒன்றை எலி கடித்துத் தண்ணீர் ஒழுகிப்போயிருந்தது. மற்ற மூன்றும் நிறைந்திருந்தன. ஒன்றின் கழுத்தில் சாம்பல் நிற டேப் சுற்றியிருந்தது.

எர்லிந்தாவுக்குக் கோபம் வந்தது. குளிர்காலத்தைக் கழிக்க வந்த கூட்டமெல்லாம் ஏப்ரலிலேயே ஊருக்குப் போயாயிற்று. போகும்போது பாரம் என்று இங்கே திணித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள். மூன்று கேன்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பக்கத்திலிருந்த முள்மரத்தின் வேரில் ஊற்றினாள். காலிக் கேன்களின் கைப்பிடியில் கயிற்றைக் கோத்துத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணி. எர்லிந்தாவின் அக்கா ஒஃபேலியா வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தக் கேன்களின் அடியைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தாள். பேரீச்சைப் பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் ஒஃபேலியாவுக்கு வேலை. அன்று அவளுக்கு லீவு. மிளகாய் நாற்றுகளை அணில் தின்னாமலிருக்கக் கேனைக் கவிழ்த்து மூட வேண்டும் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏடி, இன்னைக்கு என்ன தேதி?" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"இருபத்தேழு." எர்லிந்தா டார்ட்டியா ரொட்டியில் முட்டையையும் அவரைவிழுதையும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "ஏன், சம்பளம் வந்துடுச்சான்னு பாக்கறியா?"

"என்ன கிழமை?"

"வெள்ளி. உனக்கு என்ன ஆச்சு காலையிலேயே?"

"இங்க வந்து இதைப் படி. எனக்குக் கண்ணாடி இல்ல, நான் தப்பாப் படிச்சிருப்பேன். தப்பாத்தான் படிச்சிருக்கணும்."

டேப்பைப் பிரித்திருந்தாள். அதன் உள்பக்கம் ஒரு காகிதம், தண்ணீர் படாமல் மடித்து ஒட்டியிருந்தது. கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. 'மே 27, வெள்ளி. தயவுசெய்து தொடாதீர்கள். இந்தத் தண்ணீரை நம்பித்தான் ஏறுகிறேன். வி. எஸ்.'

எர்லிந்தா அதை இரண்டு முறை படித்தாள்.

"தண்ணி எங்க?" என்றாள் ஒஃபேலியா.

"கொட்டிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

ஒஃபேலியா கத்தரிக்கோலைத் தரையில் வைத்தாள். "உன்னை யாருடி மலையைக் கழுவச் சொன்னா? சொந்த வீட்ல ஒரு தட்டு கழுவி வைக்க மாட்டே. மலைக்குப் போய்ப் பெருக்கறாளாம்! நிக்காத, கிளம்பு. நின்னு என்ன பண்றே?"

காரில் போகும்போது எர்லிந்தா மனதுக்குள் கணக்குப் போட்டாள். மே மாதக் கடைசியில் நெடும்பாதையில் ஏறுபவர் யாரானாலும் இரவு இரண்டு மணிக்கே கிளம்பியிருப்பார். பாறையை ஏழு மணி வாக்கில் தொடுவார். அதுவரைக்கும் போதுமான தண்ணீரைத்தான் தூக்கி வந்திருப்பார். அதற்காகத்தானே கேன்களை ஒளித்து வைத்தது! பாறையிலிருந்து மேலே போனால் இன்னும் ஐந்து மணி நேர ஏற்றம். கீழே இறங்கினால் மூன்று மணி நேரம், ஒவ்வொரு அடியும் அதிக வெயிலுக்குள். மத்தியானம் நூற்றெட்டு டிகிரி என்று வானொலியில் சொன்னார்கள். அவள் அவசர உதவிக்குப் போன் செய்தாள்.

"காணாமப் போனவங்க பேரு என்ன மேடம்?" என்றது ஒரு பெண்குரல்.

"தெரியாது. வி. எஸ்."

"ஆணா, பெண்ணா?"

"தெரியாது."

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"நான் பார்த்ததே இல்லைங்க."

"அப்ப காணாமப் போயிட்டாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

"இன்னும் போகல. இனிமேதான் போகப்போறாங்க. அவங்க தண்ணியை நான் எடுத்துட்டேன்."

அந்தப் பெண் பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டாள். இன்னாரென்று தெரியாத, கிளம்பினாரா என்றே தெரியாத ஒருவருக்காக ஹெலிகாப்டர் அனுப்ப முடியாது, நூலகத்துப் பின்பக்கம் கார் ஏதாவது நிற்கிறதா என்று ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன், நீங்கள் தனியாக மேலே போகாதீர்கள் என்றாள். எர்லிந்தா நன்றி சொன்னாள். போகமாட்டேன் என்று சொல்லவில்லை.

விடுதியில் பெட்டி தூக்குபவர்களின் தலைவர் வெண்டல். அறுபது வயது, லூசியானாக்காரர், எதற்கும் அவசரப்படாதவர். எர்லிந்தா குளிர்பெட்டியிலிருந்து அரை லிட்டர் பாட்டில்களை வாரி வாரித் தன் குப்பைப் பையில் போடுவதை வந்து பார்த்தார். விடுதியின் பெயர் அச்சிட்ட, தங்கநிற மூடி போட்ட பாட்டில்கள்.

"எர்லி, பாரம் தூக்கறது என் வேலை. நீ எதுக்கு அதுல போட்டிக்கு வர்றே?"

அவள் நடந்ததைச் சொன்னாள். வெண்டல் அவள் கையிலிருந்த பையை வாங்கி, எண்ணிப் பதினெட்டு பாட்டில் அடுக்கினார். மேலே ஐஸ் கட்டிகளைக் கொட்டி, மதுக்கூடத்திலிருந்து ஒரு பொட்டலம் உப்புக்கடலையும் எடுத்துவந்து வைத்தார்.

"மேசையை நான் பாத்துக்கறேன். யார் வந்தாலும் ரெண்டாம் நம்பர்னு சொல்லிடறேன். நீ எந்த வழியாப் போறே? ஒன்பதுல எந்த நம்பர்? பதினொரு மணிக்குள்ள நீ கூப்பிடலேன்னா நான் எங்கன்னு ஆள் அனுப்பறது?"

எர்லிந்தா மடிப்புத்தாள் ஒன்றை எடுத்து, விடுதியின் பின்கேட்டிலிருந்து ஒரு கோடு இழுத்து, சாய்ந்த பாறை வரை கொண்டுபோய் அங்கே ஒரு புள்ளி வைத்தாள்.

வெண்டல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "குப்பைத் தொட்டிக்குப் பின்னாடியா? பதினஞ்சு வருஷமா நான் அங்க நின்னுதான் சிகரெட் பிடிக்கறேன். நீ ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீங்க மேல வந்து பிடிப்பீங்க."

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓடையில் இறங்கினாள். ஒன்பது கிலோ தண்ணீர் முதுகில் இழுத்தது. ஐஸ் உருகிச் சட்டையை நனைத்தது. முதல் வளைவு, மேடு, அப்புறம் முழங்கால் உயரத்துக்குப் படிபோல் ஏறும் பாறைகள். வழக்கமாக அந்த இடத்தில் குனிந்து காகிதம் பொறுக்குவாள். அன்று எதையும் பார்க்கவில்லை. எட்டு மணிக்கு வெயில் தடத்துக்கு வந்துவிட்டது. நடுவில் ஒருமுறை நின்றாள், தன் தண்ணீரில் இரண்டு வாய் குடித்தாள், மறுபடி ஏறினாள். செவ்வாய்க்கிழமை நடந்தது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. டேப்பைப் பார்த்தோமே, கை அதன் நுனியைத் தொட்டதே என்று.

பாறையை எட்டு நாற்பதுக்குத் தொட்டாள். யாரும் இல்லை. பொந்தை மூடிய கற்கள் சுற்றிலும் சிதறிக் கிடந்தன. அவள் விட்டுப்போனது போல இல்லை, யாரோ ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து எறிந்தது போல. மண்ணில் ஊன்றுகோலின் கூர்முனை குத்திய துளைகள். அதற்கு அப்பால் காலடித் தடம். மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. பக்கவாட்டில், பள்ளத்தில் தெரிந்த ஏழெட்டுப் பனைமரங்களைப் பார்த்துப் போயிருந்தது.

அந்தப் பனைகளுக்கு அடியில் மார்ச் மாதம் ஊற்று கசியும். பச்சையைப் பார்த்தால் யாருக்கும் அங்கே தண்ணீர் இருக்கும் என்றுதான் தோன்றும். மே மாதத்தில் அங்கே ஒரு சொட்டு இருக்காது என்பது எர்லிந்தாவுக்குத் தெரியும்.

"யாராவது இருக்கீங்களா?" என்று கத்திக்கொண்டே இறங்கினாள்.

"இருக்கேன், இருக்கேன்! கத்தாதே, தலை வலிக்குது" என்று ஒரு குரல் வந்தது. வறண்டு, கரகரத்து, ஆனால் அதட்டலாக.

பனையின் காய்ந்த மட்டைகள் பாவாடை போலத் தொங்கிய நிழலில் ஒரு வயதான பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வெட்டிய நரைமுடி, நீளக்கை சட்டை, ஒரு காலில் மட்டும் காலணி. பக்கத்தில் மணலை முழங்கை ஆழத்துக்குத் தோண்டியிருந்தாள். அடியில் மணல் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். முகம் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. பாட்டிலை நீட்டியதும் பிடுங்கிக்கொண்டாள். எர்லிந்தா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மெதுவா அம்மா. ஒரு வாய். அப்புறம் இன்னொரு வாய். மொத்தமாக் குடிச்சா வாந்தி வந்துடும்."

"எனக்கே சொல்றியா? உன் வயசை விட ஜாஸ்தி வருஷம் நான் மலை ஏறறேன்." என்றாலும் ஒவ்வொரு வாயாகத்தான் குடித்தாள். எர்லிந்தா இரண்டாவது பாட்டிலைத் துண்டில் ஊற்றி அவள் பிடரியில் போட்டாள். கடலையை உடைத்துக் கொடுத்தாள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருந்தது. அதை நீவிவிட்டாள்.

அந்தப் பெண்ணின் பெயர் வெர்னா ஸ்டோக்ஸ். எழுபத்தொரு வயது. பள்ளத்தாக்கில் முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். ஒவ்வொரு வருடமும் மே கடைசி வெள்ளிக்கிழமை கீழே வெயில் கொளுத்தும்போது மேலே பைன் காட்டுக்கு ஏறிப் போய்க் குளிரில் நிற்பது அவளுடைய வழக்கம். பத்தொன்பது தடவை போயிருக்கிறாள். அவ்வளவு தண்ணீரையும் ஒரே நாளில் தூக்க இப்போது முதுகு விடாது. அதனால் மார்ச்சில் இரண்டு நடையாக ஏறி நாலு கேன் ஒளித்து வைத்தாள்.

எர்லிந்தா மேலே ஒரு பாறையில் ஏறி, ஒரு கோடு சிக்னல் கிடைத்ததும் வெண்டலுக்குத் தகவல் சொன்னாள். அவர் அவசர உதவிக்குச் சொன்னார். சற்று நேரத்தில் அங்கிருந்தே கூப்பிட்டு, ஹெலிகாப்டர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

"வேண்டாம்னு சொல்லு" என்று கீழேயிருந்து கத்தினாள் வெர்னா. "அதுல ஏறினா அக்கம்பக்கம் எல்லாம் தெரிஞ்சுபோகும். என் மருமகள் நாளைக்கே வந்து என் பூட்ஸைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவா."

வெர்னா தெளிவாகப் பேசுகிறாள், கால் அசைகிறது, தண்ணீர் ஏழு லிட்டருக்கு மேல் இருக்கிறது என்று எர்லிந்தா சொன்னாள். அப்படியானால் நிழலை விட்டு நகரவேண்டாம், ஐந்து மணிக்கு மேல் இறங்குங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தகவல் சொல்லுங்கள் என்றார்கள்.

இனி எட்டு மணி நேரம் இருவரும் அந்தப் பனை நிழலில்தான்.

வெர்னாவுக்குத் தெம்பு வந்ததும் பேச்சு திருடனைப் பற்றிப் போனது. "முதல்ல காலேஜ் பசங்கன்னு நெனச்சேன். ஆனா யோசிச்சுப் பாரு. தாகம் எடுத்தவன் தண்ணியைக் குடிச்சுட்டு கேனைப் போட்டுட்டுப் போவான். இவன் கேனையும் எடுத்துட்டுப் போயிருக்கான். நாலுல ஒண்ணைக் கூட விட்டு வைக்கல. இது திருடன் இல்ல. இது யாரோ சுத்தக்காரன். நாசமாப் போற சுத்தக்காரன். என் பஸ்ல கூட இப்படி ஒருத்தன் வருவான், பக்கத்து சீட்டுக்காரன் வச்ச பேப்பரை…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். எர்லிந்தாவின் பை பக்கத்தில் கிடந்தது. அதன் வாயில் கட்டியிருந்தது குப்பை பொறுக்கும் இடுக்கி.

"நான் மேல இருக்கேன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றாள் வெர்னா மெதுவாக.

பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. நூலகத்துப் பக்கம் கார் நின்றதைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். கிழவியின் உயிரைக் காப்பாற்றியவளாக இறங்கிப் போயிருக்கலாம்.

"கேனை எடுத்தது நான்தாங்க" என்றாள் எர்லிந்தா. "செவ்வாய்க்கிழமை. தண்ணியை மரத்துக்கு ஊத்திட்டேன்."

வெர்னா அவளையே பார்த்தாள். "நான் எழுதி வச்சிருந்தேனே. படிக்கத் தெரியாதா?"

"டேப்பைப் பார்த்தேன். பிரிக்கல."

"ஏன்?"

ஏறி வரும்போதெல்லாம் எர்லிந்தா அதைத்தான் யோசித்திருந்தாள். "பிரிச்சிருந்தா கொட்டியிருக்க முடியாது. அதான். கோவமா இருந்துச்சு. இருபத்தாறு வருஷமா ஏறறேன், என் இடத்துல யாரோ கொண்டாந்து வச்சுட்டாங்கன்னு."

"உன் இடமா? எப்ப வாங்கினே?"

எர்லிந்தா துண்டை மறுபடி நனைத்தாள்.

வெர்னா மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் போனது. எர்லிந்தா மேலே போய் வெண்டலிடம் பேசிவிட்டு வந்தாள். இன்னொரு மணி நேரம் போனது. வெயில் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு வந்தது. நிழல் நகர நகர இருவரும் நகர்ந்தார்கள், ஒரு வார்த்தை இல்லாமல். தண்ணீர் கொடுத்தபோது மட்டும் வெர்னா கையை நீட்டினாள்.

ஒரு மணிக்கு மேல், முகத்தைத் திருப்பாமலேயே பேசினாள். "இந்த வருஷம் ஏறிட்டா போதும்னு நெனச்சிருந்தேன். இருபதாவது தடவை. அத்தோட நிறுத்திக்கலாம்னு. இனிமே மார்ச்ல அந்தக் கேனைத் திரும்பத் தூக்க என்னால முடியாது. தெரியுதா? நீ கொட்டினது தண்ணி மட்டும் இல்ல."

"தெரியுது" என்றாள் எர்லிந்தா. "அக்டோபர்ல குளிர்ந்ததும் போலாம். தண்ணியை நான் தூக்கறேன்."

"நீயா? வழியிலயே எந்தச் செடிக்காவது ஊத்திடுவே."

"பாட்டிலை உங்க கையில குடுத்துடறேன். நீங்க எண்ணிக்கோங்க."

வெர்னா ஹும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தாள். "பாறைக்கு மேல ரெண்டாவது திருப்பத்துல பாதை ரெண்டாப் பிரியும். நீ எந்தப் பக்கம் போவே?"

"தெரியாது. நான் பாறையைத் தாண்டினதில்லை."

"இருபத்தாறு வருஷமா ஏறறேன்னு சொன்னே?"

"பாறைக்கு வரும்போது பை நிறைஞ்சிடும்."

வெர்னா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, எர்லிந்தா முதுகைத் தட்ட வேண்டியிருந்தது. "குப்பை நிறைஞ்சுதுன்னு திரும்பிப் போயிருக்கா! மேல பைன் மரம் நிக்குது, இவ கீழ மிட்டாய்க் காகிதம் பொறுக்கிட்டு நிக்கறா!" என்று யாரிடமோ முறையிடுவது போலச் சொன்னாள். பிறகு கடலைப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி, முதல் தடவையாக அதை எர்லிந்தா பக்கமும் நீட்டினாள்.

ஐந்தரைக்கு ஓடைப் பாதை வழியாக இறங்கினார்கள். வெர்னா அந்தப் பாதையைப் பார்த்ததே இல்லை. எங்கே கால் வைக்க வேண்டும் என்று எர்லிந்தா ஒவ்வொரு பாறையிலும் சொல்ல வேண்டியிருந்தது. பின்கேட்டில் வெண்டலும் மீட்புக்குழு ஆட்கள் இருவரும் காத்திருந்தார்கள். அவர்கள் வெர்னாவின் நாடியைப் பார்த்து, கண்ணில் விளக்கடித்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எப்படி நடந்தது என்று எழுதிக்கொள்ள ஒருவர் தாளை எடுத்தார். எர்லிந்தா ஆரம்பத்திலிருந்து சொன்னாள். வெர்னா குறுக்கே பேசவில்லை, அவளைக் காப்பாற்றவும் முயலவில்லை. விடுதி மேலாளர் மறுநாள் எர்லிந்தாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவரிடமும் அதையேதான் சொன்னாள்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளத்தாக்கில் யாரும் மலை ஏறுவதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் எர்லிந்தா வெர்னாவின் வீட்டுக்குப் போனாள். முதல் தடவை வெர்னா வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினாள். மூன்றாம் தடவை ஐஸ் தேநீர் கொடுத்தாள். செப்டம்பரில் இருவரும் முதுகில் தண்ணீர் கட்டிக்கொண்டு விடிகாலையில் இரண்டாம் எண் பாதையில் நடந்து பழகினார்கள். ஒவ்வொரு பெஞ்சிலும் வெர்னா உட்கார்ந்து, அது தன் வயதுக்காக அல்ல, பெஞ்சு போட்டவர்களின் மனம் நோகாமலிருக்கத்தான் என்றாள்.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, நூலகத்துப் பின்புறமிருந்து ஏறினார்கள். எர்லிந்தாவின் முதுகில் எட்டு லிட்டர். வெர்னா இரண்டு. சாய்ந்த பாறை வந்தபோது எர்லிந்தாவின் கால் தானாகவே நின்றது. வெர்னா நிற்கவில்லை.

"வா. இங்க உக்காந்தா நான் எழுந்திருக்க மாட்டேன்" என்று முன்னால் போய்க்கொண்டே சொன்னாள்.

எர்லிந்தா பின்தொடர்ந்தாள். இரண்டாவது திருப்பத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. வெர்னா இடப்பக்கம் திரும்பினாள். கள்ளிகள் குறைந்தன. குட்டையான ஓக் புதர்கள் வந்தன. பதினொரு மணிக்குக் காற்றில் வேறு வாசனை வந்தது. என்ன வாசனை என்று எர்லிந்தா கேட்கவில்லை, நடந்துகொண்டே இருந்தாள். முதல் பைன் மரத்தின் அடியில் வெர்னா நின்று, ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு கையை மரத்தின் மேல் வைத்து மூச்சு வாங்கினாள். "இருபது" என்றாள்.

எர்லிந்தா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். அவளுக்குக் குளிர்ந்தது. மரத்தின் வேருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கிடந்தது. குனிந்து கையை நீட்டினாள்.

"ஏய்!" என்றாள் வெர்னா.

எர்லிந்தா பாட்டிலை எடுத்துக் குலுக்கினாள். சத்தம் இல்லை. மூடியைத் திறந்து கவிழ்த்தாள். சுற்றிலும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்து எதுவும் இல்லை. அதை வெர்னாவின் கண்ணெதிரே தூக்கிப் பிடித்தாள்.

வெர்னா வாங்கி, தானும் ஒருமுறை எல்லாப் பக்கமும் பார்த்தாள். "சரி, பையில போடு" என்று திருப்பிக் கொடுத்தாள்.